உயிர் இரையும் ஊர் ஓடையும்

(கடலோர ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு முதலியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் தூண்டில் இரையைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முன்வரிசையில் இரண்டொருவர் புன்னகை புரிவதையும் காண்கிறேன். ஆயினும் நாட்டுப் படகில் கைத்தூண்டில் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் கரையூர்களில் இன்னும் பல இருக்கின்றன. அவர்களுடைய ஒரு நாளைய வருவாய் கடலில் தொடங்குவதில்லை. விடியற்காலையில் இரை கிடைத்ததா இல்லையா என்பதிலேயே தொடங்குகிறது. அந்த இரை விளையுமிடமோ நம் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் உப்போடை. ஆகவே இது கிராம நிர்வாகத்தைச் சார்ந்த பொருளே என்று கொண்டு, சிறிது நேரம் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

கைத்தூண்டிற்காரர் ஒருவரின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்து கரைக்கு வருகிறார். இரைக்கான சாளையோ, கணவாயோ, இறாலோ வாங்க வியாபாரியின் பெட்டிக்காகக் காத்திருக்கிறார். கையில் பணம் இருந்தால் வாங்குவார்; இல்லாவிடில் கடன் சொல்லுவார். இரைக்குக் கடன் பட்டவர் பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியவராகிறார். மீன் படாத நாளிலும் இரைக் கடன் கணக்கில் ஏறிக் கொண்டுதான் இருக்கும். இவ்வளவுக்கும் அவர் வாங்கும் இரை பெரும்பாலும் பனிக்கட்டியில் கிடந்து வயிறு வெடித்த செத்த இரை.

செத்த இரைக்கு மீன் வராது என்று நான் சொல்லவில்லை. விளைமீனும் சங்கராவும் நறுக்கிய சாளைக்கும் கணவாய்த் துண்டுக்கும் நன்றாகவே வரும். ஆனால் நல்ல விலை போகும் கொடுவாய், பாறை, வஞ்சிரம், களவாய் போன்றவை ஓடுகின்ற இரையைத் துரத்திப் பிடித்துத் தின்று பழகியவை. நீந்தும் மீன் நீரில் எழுப்பும் அதிர்வைத் தம் உடலின் இரு பக்கத்திலும் ஓடும் உணர்வுக் கோட்டினால் அறிந்து அவை பாய்கின்றன. கலங்கிய நீரிலும், இருட்டிலும் இது நடக்கும். உயிருள்ள மடவைக் குஞ்சு ஒன்று தூண்டிலில் துடிக்கும்போது அழைப்பு அனுப்பும் வேலையை அதுவே செய்து விடுகிறது.

உயிர் இரையையே நம்பி ஒரு தீவு முழுவதும் வாழ்ந்த கதையைச் சொல்கிறேன். இலட்சத் தீவுக் கூட்டத்தின் தென் கோடியில் மினிக்காய் என்னும் தீவு இருக்கிறது. அங்கே சூரை மீனை வலை போட்டுப் பிடிப்பதில்லை. கழியில் கட்டிய தூண்டிலால் பிடிக்கிறார்கள். முதலில் தீவின் உட்கடலில், பவளப் பாறைகளின் ஓரத்தில், விரல் நீளமுள்ள சிறு மீன்களை வலை தாழ்த்தித் தூக்கிப் பிடிப்பார்கள். பழைய படகுகளில், நடுப்பகுதியின் அடியில் துளைகள் இருக்கும்; அவற்றைத் திறந்தால் கடல் நீர் உள்ளே வந்து சிறு குளம் போல் நிற்கும். மேலே நிறையும் நீரை ஆட்கள் இறைத்துக் கொண்டே இருப்பார்கள். இப்படி ஓடும் நீரில் இரை மீன் உயிரோடிருக்கும். நடுக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அந்தச் சிறு மீன்களைக் கை கையாக அள்ளி வீசி, தண்ணீரையும் மழைபோல் தெளிப்பார்கள். சூரைகள் வெறி கொண்டு மேலே வரும். அப்பொழுது இரையே இல்லாத வெறும் முள்ளைக் கூட அவை கவ்வும். அந்த முள்ளில் எதிர்நாக்கு இல்லாமையால் மீன் படகில் விழுந்ததும் தானே கழன்று விடும். இலங்கையிலும் நம் தென்மாவட்டங்களிலும் நாம் அறிந்த மாசிக் கருவாடு இந்தச் சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதுதான். அந்தத் தீவாருக்கு இரை கிடைக்காத நாள் தொழில் இல்லாத நாள். சூரை கடலில் எவ்வளவு இருந்தாலும் உட்கடலில் இரை குறைந்தால் படகு கரையில்தான். பெரிய மீனின் தொழில் சிறிய மீனின் கையில் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நான் அறிந்தவரையில் இல்லை.

நமக்கு அந்த உட்கடல் இல்லை. நமக்கு இருப்பது கழிமுகமும் ஓடையும் காயலும். அங்கே கிடைக்கும் இரைகளில் முதன்மையானவை மடவை, மணலைக் குஞ்சுகளும் வெள்ளை இறாலுமாகும். மடவை உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழக் கூடியது, உடல் வலிவுள்ளது, வாளியில் பல மணி நேரம் தாங்கும். சாளை அப்படியன்று. கை பட்டால் செதில் உதிர்ந்து, சிறிது நேரத்தில் மல்லாந்து விடும். ஆதலால் புதிதாகத் தொடங்குவோர் மடவையிலேயே தொடங்குவது நன்று.

பிடிக்கும் நேரம் ஏற்றத்தை ஒட்டியது. நம் தென் கரையில், தூத்துக்குடிப் பக்கத்தில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்ளாகவே அடங்கிவிடும். வேறு நாட்டுக் கரைகளோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் ஓடையில் ஒரு சாண் நீர் ஏறினாலே புதுச் சேற்றுப் பரப்பு நனைகிறது. அந்தப் பாசியையும் சேற்று உணவையும் மேய மடவைக் கூட்டம் ஓரத்திற்கு வரும். விடியலுக்குச் சற்று முன்பு ஏற்றம் தொடங்கும் நாள்கள் மிகச் சிறந்தவை. நீரின் மேற்பரப்பில் சிறு மழைத்துளி விழுவது போன்ற சுழிப்புகள் தெரியும். அதுதான் கூட்டம். கூட்டம் வராவிடில் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி ஓரத்தில் இட்டுக் கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கில் ஒரு பிடி மடவைக்குப் போவதை உழவர் வீட்டு அம்மையார் பொறுத்துக் கொள்வார் என்று நம்புகிறேன்.

வீச்சு வலையைப் பற்றி இங்குள்ள மீனவத் தோழர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கே அவர்களில் ஒருவர்தாம் கற்றுக் கொடுத்தார். ஆனால் இரைக்கு வீசும் வலையில் ஒரு நுட்பம் உண்டு. வலைக்கண் பெரிதாயிருந்தால் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக் கொள்ளும். கறிக்கு அது போதும், இரைக்கு ஆகாது. வலைக்கண் மிகச் சிறிதாயிருந்தால் வலை மெல்லவே இறங்கும், மீன் தப்பிவிடும். அகப்படுவதும் நமக்குப் பயன்படாத பொடிக்குஞ்சாகவே இருக்கும். விரல் நீள மடவைக்கு முடிச்சுக்கு முடிச்சு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்ள மெல்லிய நூல்வலை பொருத்தமாகும். ஈயமணிகள் நெருக்கமாக இருந்தால் வலை விரைந்து அமரும். கதிரவனை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கொள்ளாதீர்கள். தங்கள் நிழல் வலைக்கு முன்னே போய்ச் சேரும். வலையை இழுத்தவுடன் கரைமணலில் கொட்டக் கூடாது. முழங்கால் நீரிலேயே வலையைச் சற்றுத் திறந்து, மீன்களை நீரோடு சேர்த்து வாளிக்குள் விட வேண்டும். கையை முன்னதாக நனைத்துக் கொள்ளுங்கள். மீனின் மேல் உள்ள வழுவழுப்பு அதன் தோலுக்குக் காப்பு. காய்ந்த கை அதைத் துடைத்து விடும்.

இறாலுக்கு இரவு உகந்தது. கைவிளக்கின் ஒளி பட்டால் இறாலின் கண் நெருப்புத் துளிபோல் சிவந்து ஒளிரும். கைப்பிடி வலையைப் பின்புறமாக வைத்து முன்புறம் காலால் கலக்கினால், இறால் பின்னோக்கித் துள்ளி வலைக்குள்ளேயே விழும். வடக்கே சென்னையை ஒட்டிய காயல்களில் இருளர் மக்கள் வலையே இல்லாமல், நீரில் தவழ்ந்து கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துக் கொண்ட ஓலைப் பறியில் போடுவார்கள். அந்தக் கை உணர்வு நமக்கு வாய்க்காது. சேற்றில் கை வைப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன்: இருங்கெளுத்தியின் முள் குத்தினால் கடுப்பு பல மணி நேரம் நீடிக்கும். குத்துப்பட்டவர் பொறுக்கக் கூடிய அளவு சூடுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்திக் கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுவர்களைத் தனியே ஓடைக்கு அனுப்பாதீர்கள்.

பிடிப்பது எளிது, காப்பதுதான் அரிது. இதை நான் என் சொந்தச் செலவில் கற்றேன். முதல் முறை ஏறத்தாழ அறுபது மடவைக் குஞ்சுகளைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில், அத்தனையையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ‘ஐயா, பாதியைத் திருப்பி விட்டுவிடுங்கள்’ என்று படகுக்காரர் சொல்லியும் கேளாமல் வள்ளத்தில் ஏறினேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் மேலே மேலே வந்து வாயைத் திறந்து திணறின. தூண்டில் போடும் இடத்தை அடைந்தபோது உயிரோடு இருந்தவை நான்கே நான்கு. படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை; செத்தவற்றை எடுத்து நறுக்கத் தொடங்கினார். அன்று பத்து மீன்களை மட்டும் வைத்துக் கொண்டிருந்தால் பத்தும் பிழைத்திருக்கும்.

காரணம் எளியது. மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுளால் எடுத்து மூச்சு விடுகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் வாயு குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் கடல் நீர் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏறத்தாழ 6.2 மில்லிகிராமே தாங்கும். வெப்பம் ஏறும்போது மீனுக்கோ மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பத்தின் கதைதான். இதனோடு மீனின் கழிவும் நீரில் சேர்ந்து நஞ்சாகிறது. ஆகவே வெயிலில் வைத்த வாளியில் நெருக்கமாக இரை போடுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

இருபது லிட்டர் வாளிக்கு விரல் நீள மடவை பத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவக் கணக்கு. பாத்திரம் வட்டமாக இருக்கட்டும். மூலையுள்ள பெட்டியில் மீன்கள் மூலையில் போய் முட்டி மூக்கைத் தேய்த்துக் கொள்ளும். நனைத்த சாக்கினால் மூடி நிழலில் வையுங்கள். கால் மணிக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஓடை நீருக்கும் கடல் நீருக்கும் உப்பில் வேறுபாடு உண்டு. ஒரேயடியாக மாற்றினால் மடவை பொறுத்துக் கொண்டாலும் இறால் சோர்ந்து விடும். குளிர்விக்கப் பனிக்கட்டி போடுவோர் அதை நேராக நீரில் இடாமல், மூடிய புட்டியில் வைத்து மிதக்க விடுங்கள்; குழாய் நீரில் செய்த கட்டியிலுள்ள குளோரின் செவுளைக் கெடுத்து விடும். மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாய்க் கருவி மின்கலத்தில் ஓடக் கூடியதாகவும் கிடைக்கிறது. அதை வாங்க இயலாதோர் மூங்கிலாலோ பனை நாராலோ முடைந்த மூடிக் கூடையில் மீனை இட்டுப் படகோரம் நீரில் தொங்க விடலாம். படகு விரைந்து செல்லும்போது மட்டும் உள்ளே எடுத்துக் கொள்ள வேண்டும். இல்லாவிடில் நீரின் வேகம் மீன்களைக் கூடையோடு நசுக்கி விடும்.

முள் கோக்கும் முறை ஓரிரு சொற்களில் அடங்கும். நீரோட்டத்தில் நிற்கும் படகிலிருந்து விடுவதானால் மடவையின் இரு உதடுகளையும் சேர்த்துக் கோக்கலாம். அசையாத நீரில் முதுகுச் சிறகுக்கு முன்னால், முதுகெலும்புக்கு மேலே, தோலை ஒட்டிக் கோக்க வேண்டும். எலும்பில் பட்டால் மீன் உடனே முடங்கும். இறாலுக்குத் தலைக் கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியை விலக்கி, ஓட்டை மட்டும் துளைக்க வேண்டும். இரைக்குத் தக்க சிறு முள்ளாக இருக்கட்டும். பெரிய முள்ளைச் சுமக்கும் இரை நீந்தாது.

இனி, எடுக்கலாகாதவை எவை என்று பார்ப்போம். கடற்புல் படுகையில் வலை வைத்தால் சில வேளைகளில் கடற்குதிரையும் கடலட்டையும் வரும். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை. உடனே நீரில் விட்டுவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அவ்வெல்லைக்குள் இரைக்காகவும் வலை வீசக் கூடாது. ‘ஒரு வாளி இரைதானே’ என்பது அங்கே செல்லாது.

கொசுவலைத் துணியை ஓடையின் குறுக்கே கட்டி இரை பிடிப்பதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். இதை வெளிப்படையாகக் கண்டிக்காமல் இருக்க என்னால் இயலவில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் அலையோடு ஓடைக்குள் வந்து, அங்கே சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் அவ்வாறே. கொசுவலையில் ஒரு பிடி இரையோடு, ஆயிரக்கணக்கான பொடிக்குஞ்சுகள் கரையில் காய்கின்றன. அடுத்த ஆண்டு இறால் வரவில்லையே என்று கடலைக் குறை கூறுவோரில் அந்தத் துணியைக் கட்டியவரும் ஒருவர்.

பண்ணை இறாலை இரையாக்குவதிலும் எச்சரிக்கை தேவை. 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் நம் கரையோர இறால் பண்ணைகளை எவ்வளவு சீரழித்தது என்பதை இங்குள்ள பலர் நேரில் அறிவர். அந்நோயின் நச்சுயிரி உறைபனியிலும் அழிவதில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அந்நோய் தோன்றியபோது, உணவுக்காக இறக்குமதியான இறாலைத் தூண்டிலில் இரையாகக் கோத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்றார்கள். ஆகவே ஓர் ஓடையில் பிடித்த இரையை வேறோர் ஓடையில் விடாதீர்கள்; வாளி நீரையும் அங்கே கொட்டாதீர்கள். 1952இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்த ஏரியில் இல்லை? மீந்த மீனைக் கண்ட இடத்தில் விடுவதால் வரும் வினை அது.

இப்பொழுது உழவர் பெருமக்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் மீனவர் கதையைக் கேட்டிருந்தீர்கள். ஓடையின் தலைப்பு தங்கள் வயலில் இருக்கிறது என்பதனால்தான் தங்களையும் இங்கே அழைத்திருக்கிறார்கள். பூச்சிமருந்து தெளித்த மறுநாள் வயலின் வடிகாலைத் திறந்தால் அந்த நீர் எங்கே போகிறது? இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவு முறை உள்ள உயிர்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து அவற்றையும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். மருந்து தெளித்தபின் சில நாள் வடிகாலை அடைத்து வைப்பதனால் தங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. மருந்தும் வயலிலேயே நிற்கும். தெளிப்பானை ஓடையில் கழுவுவதை இன்றோடு விட்டுவிடலாம்.

மற்றொன்று சற்றே கசப்பானது. ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று நாம் மேடைதோறும் சொல்லுகிறோம். பயிர் வாடும்போது உழவர் அவ்வாறு சொல்வதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆயினும் மழைக் காலத்தில் வெள்ளம் பாய்ந்தால்தான் முகத்துவாரத்து மணல் திட்டு உடைகிறது. திட்டு உடைந்தால்தான் குஞ்சு இறால் உள்ளே வர வழி உண்டு. கலிங்கு வழிந்து ஓடும் நீரில் ஒரு பங்கு கடலைச் சேரும் ஆண்டுகளில் எங்கள் பக்கத்து ஓடைகளில் மடவை பெருகியிருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். உழவரும் மீனவரும் இதை ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குக் கிராம சபையைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் வருமாறு. ஓடைக்கரையைக் குப்பை கொட்டும் இடமாக ஒதுக்கியிருந்தால் அதை உடனே மாற்றுங்கள். ஏற்றவற்றம் எட்டும் நீர்நிலைகளின் கரையில் கழிவு கொட்டுவது, 1991இல் முதன்முதல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் காலந்தொட்டே தடுக்கப்பட்டது. அலையாத்தி மரங்களை விறகுக்கு வெட்டாமல் காவுங்கள். அவற்றின் வேர்க் கூட்டத்திற்குள்தான் இரை மீன் ஒளிந்து வளர்கிறது. ஓடை எத்துறைக்கு உரியது என்று வருவாய் ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள்; சில இடங்களில் அது வனத்துறை நிலமாகவும் இருக்கும். மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் ஊராட்சிக்கு உள்ள இடங்களில், கைத்தூண்டிற்காரர் தம் தேவைக்கு வீச்சு வலையால் இரை எடுக்கும் உரிமை குத்தகையிலிருந்து விலக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமையால், தாம் பிறந்து வளர்ந்த ஓடையில் ஒரு வாளி மடவை எடுத்ததற்காகக் குத்தகைக்காரரிடம் கைகட்டி நின்ற முதியவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் திருடரும் அல்லர்; குத்தகைக்காரர் சட்டத்தை மீறியவரும் அல்லர். ஒப்பந்தத்தை எழுதும்போது அவரை யாரும் நினைக்கவில்லை.

உரை நீண்டுவிட்டது. நாளைக் காலை ஏற்றம் ஐந்து மணியளவில் தொடங்கும் என்று இங்குள்ள நண்பர் கூறுகிறார். வலை வீசிப் பார்க்க விரும்புவோர் பாலத்தின் கீழ்ப்புறம் வந்து சேரலாம். வாளி கொண்டு வாருங்கள், வட்டமான வாளி.